இந்திய அரசியல் கட்சிகளுக்கான நிறுவன நன்கொடை

இந்திய அரசியல் கட்சிகளுக்கான நிறுவன நன்கொடை என்பது, நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்ட வணிக நிறுவனங்கள் அரசியல் கட்சிகளுக்கு வழங்கும் பணத்தைக் குறிக்கும். இந்தியச் சட்டம் இதனை 1960 இல் வரம்புக்கு உட்படுத்தியது. 1969 இல் தடை செய்தது. 1985 இல் மீண்டும் அனுமதித்தது. 2017 இல் வரம்பை முற்றிலுமாக நீக்கியது. 2024 பெப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தையும் வரம்பற்ற நிறுவன நன்கொடையையும் அரசியலமைப்புக்கு முரணானவை என அறிவித்தது.

இச்சிக்கலின் அடியில் இரண்டு கேள்விகள் உள்ளன. வணிக நிறுவனம் ஒன்றிற்குக் குடிமகனுக்குரிய உரிமைகள் உண்டா என்பது முதலாவது. பணம் கொடுப்பது கருத்துரைப்பதற்கு ஒப்பாகுமா என்பது இரண்டாவது. ஐக்கிய அமெரிக்காவும் இந்தியாவும் இக்கேள்விகளுக்கு ஏறத்தாழ எதிரெதிரான விடைகளைத் தந்துள்ளன.

ஒரு தொகுதியின் கணக்கு

பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள குன்னம், 2008 ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பின் மூலம் உருவான சட்டமன்றத் தொகுதியாகும். 2011 இல் அங்கு முதல் தேர்தல் நடந்தது. மக்களவைத் தேர்தலில் இது சிதம்பரம் தனித் தொகுதியுள் அடங்கும். தேர்தல் செலவு குறித்த சட்டம் எவ்வாறு இயங்குகின்றது என்பதைப் புரிந்துகொள்ள இத்தகைய ஓர் ஊர்ப்புறத் தொகுதியே போதுமானது.

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டு வேட்பாளர் ஒருவர் அதிகபட்சமாக 30.80 லட்சம் ரூபாய் செலவிடலாம் என்ற வரம்பு இருந்தது. 2022 சனவரியில் இது 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. வேட்பாளர் இதற்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். நாள்தோறும் செலவுப் பதிவேடு எழுத வேண்டும். முடிவு வெளியான 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தக்க காரணமின்றிக் கணக்குத் தராதவரை மூன்றாண்டுகள் வரை தேர்தலில் நிற்கத் தகுதியற்றவராக ஆணையம் அறிவிக்கலாம். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, தேநீர், வாடகை வண்டி என ஒவ்வொன்றுக்கும் விலைப்பட்டியல் வைத்துக்கொண்டு பார்வையாளர்கள் கணக்கைச் சரிபார்க்கின்றனர்.

வேட்பாளருக்கு இவ்வளவு கெடுபிடி இருக்க, அவரை நிறுத்திய கட்சிக்குச் செலவு வரம்பே கிடையாது. சட்டமன்றத் தேர்தலுக்குப் பின் 75 நாட்களுக்குள்ளும் மக்களவைத் தேர்தலுக்குப் பின் 90 நாட்களுக்குள்ளும் கட்சி தன் செலவுக் கணக்கை ஆணையத்திடம் அளிக்க வேண்டும். தலைவர்களின் வானூர்திப் பயணமோ, வேட்பாளர் பெயரைக் குறிப்பிடாத தொலைக்காட்சி விளம்பரமோ குன்னம் வேட்பாளரின் கணக்கில் ஏறாது. கன்வர்லால் குப்தா எதிர் அமர்நாத் சாவ்லா வழக்கில் (1974), வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவருடைய வரம்புக்குள் வரும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில வாரங்களுக்குள்ளேயே அவசரச் சட்டம் ஒன்றினால் நடுவண் அரசு அத்தீர்ப்பைச் செயலிழக்கச் செய்தது. 2003 இல் இவ்விலக்கு ஓரளவு சுருக்கப்பட்டபோதிலும் கட்சிகளுக்கு இன்றுவரை உச்சவரம்பு விதிக்கப்படவில்லை.

குன்னத்தை ஒட்டிய அரியலூர் நிலப்பரப்பு சுண்ணாம்புக்கல் வளம் மிக்கது. அதனால் அரசுக்குச் சொந்தமான தமிழ்நாடு சிமெண்டு கழகத்தின் ஆலையும் பல தனியார் ஆலைகளும் அம்மாவட்டத்தில் இயங்குகின்றன. சுரங்கக் குத்தகை, சுற்றுச்சூழல் அனுமதி, நிலம் எடுப்பு, லாரிப் போக்குவரத்துக்கான சாலை ஆகிய யாவும் அரசின் முடிவுகள். எனவே எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பது இவ்வூர் மக்களுக்கு வெறும் தில்லிச் செய்தி அன்று. இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அரசு நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை தர நிறுவனங்கள் சட்டத்தின் 182 ஆம் பிரிவு தடை விதிக்கின்றது. ஆகவே ஒரே பாறையை வெட்டும் இரண்டு ஆலைகளுள் அரசு ஆலை ஒரு ரூபாயும் தர இயலாது. தனியார் ஆலை தரலாம்.

நிறுவனம் குடிமகனா?

சட்டத்தின் பார்வையில் பதிவு பெற்ற நிறுவனமும் ஓர் "ஆள்". அது சொத்து வைத்திருக்கலாம், வழக்குத் தொடரலாம், அதன்மீதும் வழக்குத் தொடரப்படலாம். ஆனால் ஆள் வேறு, குடிமகன் வேறு. இந்திய அரசியலமைப்பு இவ்விரு சொற்களையும் வெவ்வேறு இடங்களில் கையாள்கின்றது. சட்டத்தின்முன் சமத்துவம் தரும் 14 ஆம் உறுப்பு "எந்த ஆளுக்கும்" உரியது. பேச்சுரிமை, தொழில் செய்யும் உரிமை முதலியவற்றைத் தரும் 19 ஆம் உறுப்போ குடிமக்களுக்கு மட்டுமே உரியது.

அரசு வணிகக் கழக வழக்கில் (1963) ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, நிறுவனம் குடிமகன் ஆகாது என்றும் எனவே 19 ஆம் உறுப்பின் உரிமைகளை அது கோர முடியாது என்றும் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. டாடா பொறியியல் நிறுவன வழக்கும் (1964) அதையே பின்பற்றியது. ஆயினும் கதவு முழுவதுமாக அடைபடவில்லை. வங்கிகள் நாட்டுடைமை வழக்கில் (1970), நிறுவனத்தின்மீது எடுக்கப்படும் நடவடிக்கை பங்குதாரரின் உரிமையைப் பாதித்தால் அவர் தம் பெயரில் நீதிமன்றத்தை நாடலாம் என்றது உச்ச நீதிமன்றம். பென்னட் கோல்மன் வழக்கில் (1972) செய்தித்தாள் நிறுவனத்தின் பங்குதாரர், ஆசிரியர் ஆகியோர் வழியாக இதழியல் உரிமை காக்கப்பட்டது. நிறுவனத்திற்கு உள்ள உரிமை அதன் பின்னால் நிற்கும் மனிதரிடமிருந்து வருகின்றது என்பதே இத்தீர்ப்புகளின் சாரம்.

வரலாறு

1950களில் நிறுவன நன்கொடைக்குச் சட்டத்தில் தடையும் இல்லை, வரம்பும் இல்லை. நிறுவனத்தின் அமைப்பு விதிகளில் இடமிருந்தால் போதும். டாடா இரும்பு எஃகு நிறுவனம் அவ்விதிகளைத் திருத்திக் கட்சிகளுக்குப் பணம் தர முனைந்தபோது பங்குதாரர் ஒருவர் எதிர்த்தார். 1957 இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா, சட்டத்தில் தடை இல்லாததால் திருத்தத்தை ஏற்க வேண்டியிருப்பதாகக் கூறினார். அதே தீர்ப்பில், இப்போக்கு வளர்ந்தால் மக்களாட்சியின் குரல்வளையை நெரிக்கக்கூடும் என எச்சரித்து, நாடாளுமன்றம் இதனைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். விருப்பமின்றி அனுமதி தந்த தீர்ப்பு என்றே இதனைக் கூற வேண்டும்.

1960 இல் நாடாளுமன்றம் நிறுவனங்கள் சட்டத்தில் 293அ பிரிவைச் சேர்த்தது. 25,000 ரூபாய், அல்லது முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 5 விழுக்காடு, இவற்றுள் எது அதிகமோ அது வரம்பாயிற்று. ஊழல் தடுப்பு குறித்து ஆராய 1962 இல் அமைக்கப்பட்ட குழு, நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை அளிப்பதை முழுமையாகத் தடை செய்ய வேண்டும் எனத் தன் 1964 ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைத்தது. இக்குழுவின் தலைவர், அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாண உறுப்பினராக இருந்த தமிழரான கே. சந்தானம் ஆவார்.

தடை 1969 இல் வந்தது. ஊழலைக் குறைப்பது மட்டுமே இதன் நோக்கம் என்று எல்லோரும் கருதவில்லை. இராசகோபாலாச்சாரி 1959 இல் தொடங்கிய சுதந்திராக் கட்சி, தொழிலதிபர்களின் ஆதரவு பெற்றது. 1967 தேர்தலில் 44 இடங்களை வென்று மக்களவையின் பெரிய எதிர்க்கட்சியானது. அதன் பணவரவை அடைக்கவே இந்திரா காந்தி அரசு தடையைக் கொணர்ந்தது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. நோக்கம் எதுவாயினும் விளைவு ஒன்று தெளிவு: பணம் நிற்கவில்லை, காசோலை மட்டுமே நின்றது. கட்சி மாநாட்டு மலர்களில் முழுப்பக்க விளம்பரம் தருவதும், கணக்கில் வராத பணத்தைக் கைமாற்றுவதும் வழக்கமாயின. 1985 இல் தடை நீக்கப்பட்டு 5 விழுக்காடு வரம்பு திரும்பியது. மலர் விளம்பரமும் நன்கொடையாகவே கொள்ளப்படும் என்ற விதி இன்றும் சட்டத்தில் உள்ளது. பழைய தந்திரத்தின் தடம் அது.

2013 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் வரம்பை 7.5 விழுக்காடாக உயர்த்தியது. நன்கொடை பெற்ற கட்சியின் பெயரையும் தொகையையும் நிறுவனம் தன் இலாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும் என்றும், தொடங்கி மூன்றாண்டு நிறையாத நிறுவனம் நன்கொடை தரக்கூடாது என்றும் விதித்தது.

அயல்நாட்டுப் பணம் பற்றிய வழக்கு தனிக் கதை. தூத்துக்குடி செப்பு உருக்காலையை நடத்திய ஸ்டெர்லைட் உள்ளிட்ட வேதாந்தா குழும நிறுவனங்களிடமிருந்து நன்கொடை பெற்றதன் மூலம் காங்கிரசும் பாரதிய சனதாக் கட்சியும் அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியதாக 2014 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் 2016 இல் "அயல்நாட்டு மூலம்" என்பதன் வரையறையை 2010 முதலே செல்லும்படி மாற்றியது. மீறல் நடந்த காலத்தில் இருந்தது 1976 ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால், 2018 இல் அம்மாற்றம் 1976 வரை பின்னோக்கி நீட்டப்பட்டது. மற்ற எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளுக்கும் இதனால் ஒருசேர விடுதலை கிட்டியது.

தேர்தல் பத்திரங்கள்

2017 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மூன்று மாற்றங்களைச் செய்தது. 7.5 விழுக்காடு வரம்பு நீங்கியது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்பதை நிறுவனம் வெளியிட வேண்டிய தேவை நீங்கியது. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையைத் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்கும் கடமையிலிருந்து தேர்தல் பத்திரங்களுக்கு விலக்குக் கிடைத்தது. இந்திய ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் அந்த ஆண்டிலேயே எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்திருந்தன. திட்டம் 2018 சனவரி 2 அன்று அறிவிக்கப்பட்டது.

தேர்தல் பத்திரம் என்பது கொண்டுவருபவருக்குப் பணம் தரும் உறுதிச்சீட்டு. வாங்கியவர் பெயரோ பெறும் கட்சியின் பெயரோ அதில் இராது. பேருந்துப் பயணச்சீட்டை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவரே பயணி என்பது போன்ற ஏற்பாடு இது. 1,000, 10,000, 1 லட்சம், 10 லட்சம், 1 கோடி ரூபாய் மதிப்புகளில் பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் மட்டும் இவை விற்கப்பட்டன. முதல் விற்பனை நடந்த நான்கு நகரங்களுள் சென்னையும் ஒன்று. 15 நாட்களுக்குள் கட்சி தன் வங்கிக் கணக்கில் செலுத்திப் பணமாக்க வேண்டும். எளிய மக்களுக்கும் உரியது எனச் சொல்லப்பட்ட போதிலும், விற்ற தொகையில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களாகவே இருந்தது. 30 கட்டங்களில் மொத்தம் ஏறத்தாழ 16,518 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்பனையாயின.

2024 தீர்ப்பு

சனநாயகச் சீர்திருத்தச் சங்கம், காமன் காசு என்னும் அமைப்பு, இந்தியப் பொதுவுடைமைக் கட்சி (மார்க்சியம்) முதலியோர் தொடுத்த வழக்கைத் தலைமை நீதிபதி தி. ய. சந்திரசூட், சஞ்சீவ் கன்னா, பி. ஆர். கவாய், ச. பா. பர்திவாலா, மனோச் மிசுரா ஆகியோர் விசாரித்தனர். தீர்ப்பு ஒருமனதானது, நீதிபதி கன்னா மட்டும் தனியே ஒத்த கருத்துரை எழுதினார்.

நன்கொடையாளரின் பெயரை மறைப்பது வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை, அதாவது 19(1)(அ) உறுப்பை, மீறுகின்றது என்பது முதல் முடிவு. வேட்பாளர் தம் சொத்தையும் குற்ற வழக்குகளையும் உறுதிமொழி ஆவணத்தில் வெளியிட வேண்டும் என்ற 2002, 2003 ஆம் ஆண்டுத் தீர்ப்புகளின் தொடர்ச்சி இது. நன்கொடையாளரைப் பழிவாங்கலிலிருந்து காக்கவே மறைப்புத் தேவை என அரசு வாதிட்டது. ஆனால் பத்திரத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பவரைப் பெறுகின்ற கட்சி அறியும். அறியாதவர் வாக்காளர் மட்டுமே.

இரண்டாவது முடிவு நிறுவனங்களைப் பற்றியது. வரம்பை நீக்கிய திருத்தம் 14 ஆம் உறுப்புக்கு மாறான தன்னிச்சையான செயல் என நீதிமன்றம் கூறியது. தனிமனிதர் தரும் நன்கொடையில் ஒரு கொள்கைமீது அவர் கொண்ட பற்று இருக்கலாம். நிறுவனத்தின் நன்கொடையோ கைம்மாறு கருதிய வணிகப் பரிமாற்றம் என்றும், தேர்தலைப் பாதிக்கும் ஆற்றல் தனிமனிதரைவிட நிறுவனத்திற்கு மிக அதிகம் என்றும் அது விளக்கியது. இலாபம் ஈட்டும் நிறுவனத்தையும் நட்டத்தில் உள்ள நிறுவனத்தையும் ஒன்றாக நடத்தியதும் தவறெனப்பட்டது. நட்டத்தில் உள்ள நிறுவனம் நன்கொடை தருமெனில், அப்பணம் வேறொருவருடையதாக இருக்கக்கூடும் என்பதே அச்சம். நிறுவனத்தையும் மனிதரையும் சமமாக நடத்துவதே சமத்துவத்திற்கு முரண் என்ற இந்நிலைப்பாடுதான் தீர்ப்பின் மிக முக்கியப் பகுதி எனலாம். இத்திருத்தங்களை நிதி மசோதாவாக நிறைவேற்றியது சரியா என்ற கேள்வியை மட்டும் நீதிமன்றம் இவ்வழக்கில் தொடவில்லை.

எண்கள் வெளிவந்த விதம்

2019 ஏப்ரல் 12 முதல் விற்ற பத்திரங்களின் விவரங்களை 2024 மார்ச் 6க்குள் தேர்தல் ஆணையத்திடம் தருமாறு வங்கிக்கு ஆணையிடப்பட்டது. வாங்கியவர் பட்டியலும் பணமாக்கிய கட்சிகளின் பட்டியலும் தனித்தனியே இருப்பதால் ஒப்பிட்டு இணைக்க சூன் 30 வரை காலம் வேண்டும் என வங்கி கேட்டது. அதற்குள் மக்களவைத் தேர்தலே முடிந்துவிடும். மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுத்தது. மறுநாளே விவரங்கள் ஒப்படைக்கப்பட்டன. விற்ற 22,217 பத்திரங்களில் 22,030 பணமாக்கப்பட்டிருந்தன.

மார்ச் 14 அன்று வெளியான இரண்டு பட்டியல்களிலும் ஒரு குறை இருந்தது. தரவுத்தளங்களோடு பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: இரண்டு அட்டவணைகளை இணைக்க இரண்டிலும் பொதுவான ஒரு திறவுகோல் வேண்டும். முதல் பட்டியலில் வாங்கியவர், நாள், தொகை இருந்தன. இரண்டாவதில் கட்சி, நாள், தொகை இருந்தன. ஒரே நாளில் பல நூறு ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள் இருக்கையில் எது எதனோடு பொருந்தும் எனச் சொல்ல இயலாது. திறவுகோல் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பத்திரத்திலும் புற ஊதா ஒளியில் மட்டுமே தெரியும் எழுத்தும் எண்ணும் கலந்த தொடரெண் இருப்பதை இதழாளர் 2018 இலேயே வெளிக்கொணர்ந்திருந்தனர். நீதிமன்றம் அதையும் கேட்டு வாங்கியது. மார்ச் 21 அன்று தொடரெண்கள் வெளியான சில மணி நேரத்தில் இதழ்களும் தன்னார்வலர்களும் இரு பட்டியல்களையும் இணைத்துவிட்டனர். மூன்று மாதத்திற்கும் மேல் ஆகும் எனப்பட்ட வேலை அது.

வெளியான கணக்கின்படி பாரதிய சனதாக் கட்சி சுமார் 6,060 கோடியும், திரிணாமுல் காங்கிரசு சுமார் 1,609 கோடியும், காங்கிரசு சுமார் 1,422 கோடியும் பணமாக்கியிருந்தன. அதிகப் பத்திரம் வாங்கியது கோயம்புத்தூரைச் சார்ந்த இலாட்டரித் தொழில் நிறுவனமான பியூச்சர் கேமிங்கு. தொகை 1,368 கோடி. அதன் நிகர இலாபத்தைப் பன்மடங்கு விஞ்சிய தொகை இது, 7.5 விழுக்காடு வரம்பு இருந்திருந்தால் நடந்திராது. 2021 ஆம் ஆண்டுச் செலவு வரம்பின்படி பார்த்தால், தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் தொகுதிக்குப் பதினெட்டு வேட்பாளர்கள் முழுச் செலவு செய்தாலும் மீதம் இருக்கும். நன்கொடையாளர் பெயர்களைத் தாமாகவே தெரிவித்த ஒரு சில கட்சிகளுள் திமுகவும் அதிமுகவும் அடங்கும். திமுக பெற்றதாகக் கூறிய 656.5 கோடியில் 509 கோடி அதே இலாட்டரி நிறுவனத்தினுடையது. மேகா பொறியியல் நிறுவனம் 105 கோடியும், அப்போது செந்துறை வட்டம் தளவாயில் ஆலை நடத்திவந்த இந்தியா சிமெண்ட்சு 14 கோடியும் தந்திருந்தன. அதிமுக 6.05 கோடி பெற்றதாகக் கூறியது.

இப்பத்திரங்களை வாங்குவது அன்றைய சட்டப்படி குற்றமன்று என்பதையும், பணம் கொடுத்ததாலேயே சலுகை பெற்றதாக ஆகிவிடாது என்பதையும் வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும். கைம்மாறு நடந்ததா என ஆராயச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 ஆகத்து 2 அன்று ஏற்க மறுத்துவிட்டது.

ஐக்கிய அமெரிக்காவில்

அங்கு கதை வேறு திசையில் சென்றது. 1886 ஆம் ஆண்டு சாந்தா கிளாரா வழக்கிலிருந்து நிறுவனங்கள் 14 ஆவது திருத்தத்தின் பாதுகாப்பைப் பெற்று வந்தன. கூட்டாட்சித் தேர்தல்களில் நிறுவனங்கள் வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் தர 1907 இல் தடை வந்தது. அது இன்றும் நீடிக்கின்றது. ஆனால் 1976 இல் பக்லி வழக்கில், தேர்தலுக்குச் செலவிடுவது பேச்சுரிமையின் பகுதி எனக் கொள்ளப்பட்டது. 2010 சனவரி 21 அன்று "சிட்டிசன்சு யுனைட்டட்" வழக்கில், வேட்பாளரோடு சேராமல் தனித்து நிறுவனங்கள் செய்யும் தேர்தல் செலவுக்கு வரம்பு விதிப்பது பேச்சுரிமைக்கு முரண் என ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. வரம்பின்றிப் பணம் திரட்டும் "சூப்பர் பேக்" குழுக்கள் இதன்பின் தோன்றின.

இத்தீர்ப்பை நீதிமன்றமே மாற்றாதவரை அரசியலமைப்பைத் திருத்துவதே வழி. அரசியலமைப்பு உரிமைகள் மனிதர்க்கே உரியன, பணம் பேச்சாகாது என இரு வரிகளில் சுருக்கத்தக்க திருத்த முன்மொழிவைச் சென்னையில் பிறந்த பிரமிளா செயபால் 2019 இல் அமெரிக்கக் கீழவையில் முன்வைத்தார். ஈரவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பின்னர் 38 மாநிலங்களின் ஒப்புதலும் இதற்குத் தேவை. அந்த இரு வரிகளுள் முதலாவதை ஒட்டிய நிலையை இந்திய நீதிமன்றம் 1963 இலேயே எடுத்துவிட்டது என்பது ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

தீர்ப்புக்குப் பின்

2017 திருத்தம் செல்லாததானதால் 7.5 விழுக்காடு வரம்பும், கட்சியின் பெயரை வெளியிடும் கடமையும் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. வரம்பு இலாபத்தின் விழுக்காடு என்பதால் பெரிய நிறுவனம் இன்னும் பெருந்தொகையே தரலாம். அத்தொகைக்கு வருமான வரியில் முழு விலக்கும் உண்டு.

நிறுவனப் பணம் பெருமளவில் இப்போது தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகச் செல்கின்றது. 2013 ஆம் ஆண்டுத் திட்டப்படி, அறக்கட்டளை தான் பெற்ற நன்கொடையில் குறைந்தது 95 விழுக்காட்டை அதே நிதியாண்டில் கட்சிகளுக்குப் பிரித்தளிக்க வேண்டும். கொடுத்தவர் பட்டியலையும் பெற்ற கட்சிகளின் பட்டியலையும் தேர்தல் ஆணையத்திடம் அளிக்க வேண்டும். பத்திரங்களைவிட இது வெளிப்படையானது, ஐயமில்லை. எனினும் பல நிறுவனங்களின் பணம் ஒரே கணக்கில் கலந்து பின் பிரிவதால், எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குச் சென்றது என்பதை அவ்விரு பட்டியல்களைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அவற்றை இணைக்கப் புற ஊதா ஒளியில் தெரியும் தொடரெண்ணும் இங்கு இல்லை.